கண்ணாடிக்குள் ஒளிக்கொரு வாய்க்கால்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையில், ஒரு கம்பத்தில் கறுப்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். காலி வீதிப் பக்கமிருந்து தகவலை ஒளியாகக் கொண்டுவரும் ஒரேயொரு ஒளியியல் நார் அதற்குள் நுழைகிறது. அதிலிருந்து எட்டு நார்கள் எட்டு வீடுகளுக்குப் புறப்படுகின்றன. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருநாள் மாலை அதைக் காட்டிக் கேட்டாள்: “மின்சாரம் என்றால் கம்பியோடு கம்பியை முறுக்கிப் பிரித்துவிடலாம். வெளிச்சத்தை எப்படி மாமா எட்டாகப் பிரிப்பது?”

வாசலில் நின்றபடி நான் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை. முழுதாகச் சொல்ல வேண்டிய பதில் இது.

அந்தப் பெட்டிக்கு மின்இணைப்பே கிடையாது. உள்ளே இருப்பது பெருவிரலைவிடச் சிறிய ஒரு துண்டு. அதற்குள் தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய ஒளிப்பாதை ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகக் கிளைக்கிறது. இப்படியொரு பாதையை அமைக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. சிலிக்கன் தகட்டின்மேல் சிலிக்காப் படலங்களைப் படிவித்துச் செதுக்குவது ஒரு முறை. அதற்குக் கோடிக்கணக்கில் செலவாகும் தூய அறைகளும் இயந்திரங்களும் வேண்டும். மற்றது என் மனத்துக்கு நெருக்கமானது. கண்ணாடியை உருகிய உப்பில் அமிழ்த்தி வைத்து, அதற்குள் இருக்கும் சோடியத்தை வெளியே வரச்செய்து, அது இருந்த இடத்தில் வெள்ளியைக் குடியேற்றும் முறை அது. அதற்கு அயன் பரிமாற்றம் என்று பெயர். (அயன் என்பது மின்னேற்றம் பெற்ற அணு.) துளைப்பதும் இல்லை, வெட்டுவதும் இல்லை, எதையும் மேலே ஒட்டுவதும் இல்லை. கண்ணாடி வெளித்தோற்றத்தில் முன்போலவே இருக்கும். உள்ளே மட்டும் ஒளி ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் உண்டாகிவிடும்.

ஒளி அந்த வாய்க்காலைவிட்டு ஏன் வெளியே வழிவதில்லை என்பதை முதலில் பார்ப்போம். நீச்சல் குளத்தில் முங்கி, தண்ணீருக்குள் இருந்தபடியே மேற்பரப்பைச் சாய்வாகப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: ஓர் எல்லைக்கு அப்பால் மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னி, குளத்தின் அடித்தளத்தையே திருப்பிக் காட்டும். ஓர் ஊடகம் ஒளியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதைக் காட்டும் எண் முறிவுச் சுட்டி. அது கூடிய ஊடகத்திலிருந்து குறைந்த ஊடகத்தை நோக்கி மிகச் சாய்வாகப் போகும் ஒளி, எல்லையைக் கடக்காமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. இதுதான் முழு உட்தெறிப்பு. (நம் பாடநூல்கள் முறிவுச் சுட்டி என்பதைத் தமிழகத்தில் ஒளிவிலகல் எண் என்பார்கள்.) தண்ணீரின் சுட்டி 1.33, காற்றினது 1. ஆனால் இவ்வளவு பெரிய வேறுபாடு தேவையே இல்லை என்பதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. சாதாரணக் கண்ணாடியின் சுட்டி ஏறத்தாழ 1.51. அதற்குள் ஒரு கோட்டில் மட்டும் அதை 1.52 ஆக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு உட்தெறிப்புத் தொடங்கும் எல்லையான அவதிக் கோணத்தை, பாதையின் விளிம்புக்குச் செங்குத்தான திசையிலிருந்து அளந்து கணக்கிட்டால் 83.4 பாகை வரும். அதாவது, கோடு போகும் திசையிலிருந்து ஆறரைப் பாகைக்குள் சாய்ந்து செல்லும் ஒளிக்கதிர் எதுவும் தப்ப முடியாது. கோட்டோடு கோடாகவே ஓட வேண்டும். நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத மாற்றம் இதற்குப் போதும்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கோட்டின் அகலம் சில மைக்கிரோமீற்றர்தான். தொலைத்தொடர்பில் பயன்படும் ஒளியின் அலைநீளமும் 1.31, 1.55 மைக்கிரோமீற்றர் என்ற அளவில் இருக்கிறது. இவ்வளவு ஒடுக்கமான இடத்தில் கதிர் என்று கோடு கீறிப் பேசுவது முழுவதும் சரிவராது. வீணைத் தந்தி தன் நீளத்துக்கு இசைந்த அதிர்வுகளை மட்டும் ஏற்பதைப்போல, ஒடுங்கிய பாதையும் தனக்குப் பொருந்தும் ஒளிக்கோலங்களை மட்டுமே ஏற்கும். அகலத்தையும் சுட்டி வேறுபாட்டையும் அளவாக அமைத்தால் ஒரே ஒரு கோலம் மட்டும் தங்கும். அலைவழிகாட்டி என்ற பெயர் வந்தது இதனால்தான். வடிவமைப்பவர்களின் பாடெல்லாம் பெரும்பாலும் அந்த ஒற்றைக் கோலத்தைப் பெறுவதற்காகத்தான்.

சரி, சுட்டியை ஒரு கோட்டில் மட்டும் எப்படிக் கூட்டுவது? அதற்குக் கண்ணாடியின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். யன்னல் கண்ணாடியில் நூற்றுக்கு எழுபதுக்குச் சற்று மேலே சிலிக்கா. சிலிக்கனும் ஒட்சிசனும் கைகோத்து நிற்கும் ஒழுங்கற்ற வலை அது. சிலிக்காவைத் தனியாக உருக்குவதென்றால் 1700 பாகை செல்சியசு அளவுக்குச் சூடாக்க வேண்டும். அந்த வெப்பநிலையைக் குறைக்கத்தான் பழங்காலத்திலிருந்தே சோடா சேர்க்கிறார்கள். இன்றைய கண்ணாடியில் அது 13, 14 வீதம். சோடா மட்டும் சேர்ந்தால் கண்ணாடி தண்ணீரில் கரையத் தொடங்கும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு 10 வீதமளவில் சேர்கிறது. இவற்றுள் சிலிக்கனும் ஒட்சிசனும் இறுகப் பிணைந்தவை. சுண்ணாம்பிலுள்ள கல்சியத்துக்கு இரட்டை ஏற்றம்; அதுவும் எளிதில் அசையாது. சோடாவிலுள்ள சோடியம் அப்படியல்ல. ஒற்றை நேரேற்றத்தோடு, வலையின் இடுக்குகளில் தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. சூடு ஏறினால் ஓர் இடுக்கிலிருந்து அடுத்த இடுக்குக்குத் தாவும்.

பாணந்துறையிலிருந்து காலி வீதி வழியாகப் புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசனங்கள் தளத்தோடு ஆணியடித்தவை. அவை கண்ணாடியின் வலை. ஆசனத்தில் இருப்பவர்கள் சோடியம் அயன்கள். பம்பலப்பிட்டியில் ஒருவர் இறங்க, அதே இடத்தில் இன்னொருவர் ஏறி அமர்கிறார். பஸ் மாறவில்லை, ஆசனம் மாறவில்லை, ஆட்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. கண்ணாடியில் இந்த எண்ணிக்கை விதி மிகக் கடுமையானது. ஒரு நேரேற்றம் வெளியே போனால்தான் ஒரு நேரேற்றம் உள்ளே வர முடியும். இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் மின்னேற்றம் குவிந்து, அதுவே மேற்கொண்டு யாரையும் வரவிடாமல் தள்ளும். வாசலருகே ஏறியவர் பின்னாலுள்ள வெற்றிடத்துக்கு நகர, அவருடைய இடத்துக்கு அடுத்தவர் வருவதுபோல, புதிய அயன்களும் மேற்பரப்பிலிருந்து படிப்படியாக உள்ளே நகர்கின்றன. பஸ்ஸில் ஆட்கள் தாமாகத் தீர்மானித்து நகர்கிறார்கள். அயன்களின் தாவல் எழுந்தமானமானது. அந்த ஓர் இடத்தில் உவமை பொருந்தாது, கவனித்துக்கொள்ளுங்கள்.

ஏறிக்கொள்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். சோடியம் அயனில் 10 இலத்திரன்கள். வெள்ளி அயனில் 46. ஒளி என்பது ஊசலாடும் மின்புலம். அது கண்ணாடிக்குள் புகும்போது ஒவ்வோர் அயனின் இலத்திரன் முகிலையும் இழுத்து அசைக்கிறது. முகில் எவ்வளவு இலகுவாக அசைகிறதோ அவ்வளவுக்கு ஒளியின் வேகம் குறையும், முறிவுச் சுட்டி கூடும். சோடியத்தின் முகில் சிறியது, இறுகியது. வெள்ளியினது பெரியது, நெகிழ்வானது. ஆகவே சோடியம் இருந்த இடங்களில் வெள்ளி அமர்ந்தால் அப்பகுதியின் சுட்டி ஏறுகிறது. நிறைய அமர்ந்தால் 0.1 அளவுக்குக்கூட ஏறும். நமக்குத் தேவையானது அதில் சிறு பங்கு.

பொற்றாசியம் ஏறினால் கதை வேறு. அதன் அயனில் 18 இலத்திரன்கள்தான், சுட்டி 0.01க்குக் கிட்டத்தான் கூடும். ஆனால் அதன் உடம்பு பெரியது. சோடியம் அயனின் ஆரை ஏறத்தாழ 0.10 நனோமீற்றர் என்றால் பொற்றாசியம் அயனினது 0.14. சிறியவர் இருந்த ஆசனத்தில் பெரியவர் நெருக்கி உட்கார, அக்கம்பக்கமெல்லாம் அமுங்குகிறது. இந்த அமுக்கம் கண்ணாடியின் மேற்தோலை இறுக்கிப் பிடித்து, விரிசல் பரவாமல் தடுக்கிறது. உங்கள் கைப்பேசியின் முகப்புக் கண்ணாடி கீழே விழுந்தும் தப்புவது பெரும்பாலும் இதனால்தான்: அதை உருகிய பொற்றாசியம் நைத்திரேற்றில், அதாவது வெடியுப்பில், 400 பாகையளவில் ஊறவைத்து எடுத்திருப்பார்கள். கண்ணாடியைப் பலப்படுத்தும் இந்த வழியைக் கிஸ்லர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1962இல் எழுதி வெளியிட்டார். ஒளிப்பாதைக்கும் கைப்பேசிக்கும் அடிப்படை ஒன்றே என்பதை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் அவர்கள் தங்கள் கைப்பேசியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்கள்.

இனி செய்முறை. நுணுக்குக்காட்டியில் வைக்கும் ஒரு மில்லிமீற்றர் தடிப்பான கண்ணாடித் தகட்டைப் போன்ற ஒன்றை எடுத்து, தூசியும் எண்ணெய்ப்பசையும் இல்லாமல் கழுவுகிறார்கள். அதன்மேல் அலுமினியம் அல்லது தைத்தேனியத்தை ஒரு மைக்கிரோமீற்றரிலும் குறைந்த தடிப்பில் பூசுகிறார்கள். ஒளியுணர் பூச்சு, புறவூதா ஒளி, அரிப்புத் திரவம் என்ற வழக்கமான வரிசையில், பாதை போக வேண்டிய இடங்களில் மட்டும் சில மைக்கிரோமீற்றர் அகலத்தில் உலோகத்தை நீக்குகிறார்கள். கோலம் போடும் அச்சுத்தகட்டின் துளைகளைப்போல, அந்தத் திறந்த கோடுகள் வழியாக மட்டுமே அயன்கள் உள்ளே போகலாம்.

உப்பு வெள்ளிநைத்திரேற்று. செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் பத்தர்களுக்கு இது புதிய பொருளல்ல. பழைய தங்கத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்க வெடியுப்புத் திராவகத்தில் இடும்போது, கரைந்து போகும் வெள்ளி இந்த வடிவத்தில்தான் திராவகத்தில் நிற்கிறது. விரலில் பட்டால் வெளிச்சத்தில் கறுத்துப்போகும். வெள்ளிநைத்திரேற்று 212 பாகையிலேயே உருகும். தனியாகப் பயன்படுத்தினால் வெள்ளி மிதமிஞ்சி ஏறிவிடுவதால், சோடியம் நைத்திரேற்றோடு கலந்து ஐதாக்குகிறார்கள். அது உருக 308 பாகை வேண்டும். ஆகவே தொட்டி 320, 350 பாகையில் நிற்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடிக்கு வெள்ளியின்மேல் விருப்பம் கூட. உருகலில் நூற்றுக்கு ஒன்று வெள்ளியாக இருந்தாலே கண்ணாடியின் மேற்பரப்பில் அதைவிடப் பல மடங்கு வீதத்தில் வெள்ளி குடியேறிவிடும். எனவே உப்பை நிறுப்பதில் சிறு பிழை விட்டாலும் பாதையின் தன்மை மாறும்.

தகட்டை நேரே உருகலில் இட்டால் வெடித்துவிடும். தொட்டிக்கு மேலே சற்று நேரம் தொங்கவிட்டு, சூடேறிய பிறகே இறக்க வேண்டும். எடுத்த பின்னும் ஆறவிட்டுத் தண்ணீரில் கழுவினால் ஒட்டிய உப்பு கரைந்துவிடும். கண்ணாடி இளகத் தொடங்குவது 550 பாகைக்குக் கிட்ட. நாம் அதற்கு வெகுதூரம் கீழே நிற்பதால் அதன் வடிவம் அசைவதில்லை. வீட்டில் எவரும் இதைச் செய்துபார்க்கக் கூடாது. உருகிய நைத்திரேற்றில் கடதாசியோ எண்ணெயோ விழுந்தால் மூர்க்கமாகத் தீப்பற்றும். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், உருகல் முகத்தில் தெறிக்க.

எவ்வளவு நேரம் ஊறவேண்டும்? வெள்ளி ஒரு மணி நேரத்தில் சில மைக்கிரோமீற்றர் ஆழம் போகும். நான்கு மணி நேரம் வைத்தால் நான்கு மடங்கு ஆழம் போகுமா என்றால், போகாது; இரண்டு மடங்குதான். ஒன்பது மணி நேரத்துக்கு மூன்று மடங்கு. எழுந்தமானமாகத் தாவும் எதுவும் நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் முன்னேறும். சாம்பிராணிப் புகை அறையின் பாதிவரை விரைவில் பரவி, மறுமூலைக்குப் போக நெடுநேரம் எடுப்பதிலும் காற்றோட்டத்தைக் கழித்துவிட்டால் இந்த விதியைக் காணலாம். வெப்பநிலைக்கோ இதைவிட வலிமை உண்டு. சிறிது கூட்டினாலே தாவல்கள் சடசடவெனப் பெருகும். அதனால் உலையின் வெப்பநிலையை ஒன்றிரண்டு பாகைக்குள் கட்டி நிறுத்துவதுதான் உண்மையான திறமை. மணிக்கூட்டைப் பார்ப்பது இலகுவான வேலை.

உள்ளே போன வெள்ளி கீழ்நோக்கி மட்டும் போவதில்லை. திறந்த கோட்டின் விளிம்புக்கடியில் பக்கவாட்டிலும் பரவும். ஆகவே குறுக்குவெட்டில் பார்த்தால் பாதை சதுரமாக இல்லாமல் கவிழ்த்த சட்டியைத் திருப்பி வைத்ததுபோல் அரைவட்டமாக இருக்கும். எல்லையும் கத்தியால் வெட்டியதுபோல் இராது. மேற்பரப்பில் சுட்டி உச்சமாக இருந்து, ஆழம் போகப் போக மெல்ல இறங்கும். இந்த மென்மையான சரிவு ஒரு குறையல்ல. செதுக்கிய பாதைகளின் சுவர்களிலுள்ள சொரசொரப்பில் ஒளி சிதறும். இங்கே சுவரே இல்லை.

என் கையால் செய்த முதல் தகடுகள் மஞ்சளாகிப் போயின. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில், புறக்கோட்டைக் கடையொன்றில் வெட்டுவித்த யன்னல் கண்ணாடியில் செய்துபார்த்தோம். தொட்டியிலிருந்து எடுத்தபோது சில துண்டுகள் தெளிவாக இருந்தன. சில தேயிலைச் சாயம்போல் மஞ்சளித்திருந்தன. உப்பு அழுக்கு என்று நினைத்துப் புதிய உப்பு வாங்கினோம். மீண்டும் அதே நிலை. இரண்டு கிழமைக்குப் பிறகுதான் காரணம் பிடிபட்டது. இன்றைய யன்னல் கண்ணாடி உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்கப்படுவது. பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்த முறை. வெள்ளீயத்தைத் தொட்ட பக்கத்தில் கண்ணாடிக்குள் சிறிதளவு வெள்ளீயம் ஏறியிருக்கும். அது வெள்ளி அயனுக்கு இலத்திரனைக் கொடுத்து, அதை உலோக வெள்ளியாக்கிவிடும். அயனாக இருக்கும்வரை வெள்ளி நிறமற்றது. அணுக்கள் சேர்ந்து நனோமீற்றர் அளவில் மணிகளானால் நீல ஒளியை விழுங்கி மஞ்சளாகத் தெரியும். பாதையில் ஒளி இழப்பும் ஏறும். குற்றலைநீளப் புறவூதா விளக்கில் பிடித்தால் வெள்ளீயப் பக்கம் மங்கலாக ஒளிரும். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைக் குறித்துவைத்து, மறுபக்கத்தில் மட்டும் வேலை செய்தோம். மறைப்புக்குப் பூசும் அலுமினியமும் இதே தொல்லையைக் கொடுக்கக்கூடியது. அதன் மேற்பரப்பை ஒட்சைட்டாக மாற்றிவிட்டுப் பயன்படுத்துவது ஒரு வழி. தொழிற்சாலைகளில் இவ்வளவு பாடுபடுவதில்லை. இரும்பும் வெள்ளீயமும் இல்லாத, இதற்கென்றே உருக்கிய கண்ணாடியை எடுத்துக்கொள்கிறார்கள்.

நம்மைத் தொல்லைப்படுத்திய அந்த மஞ்சள் ஐரோப்பியத் தேவாலயங்களில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அழகாக நிற்கிறது. வெள்ளிச் சேர்வையைக் களியோடு குழைத்துக் கண்ணாடியில் பூசிச் சுட்டால், திருவுருவங்களின் தலைமயிரும் ஒளிவட்டமும் பொன்மஞ்சளாகும். அதுவும் அயன் பரிமாற்றமே. செய்தவர்களுக்கு அயன் என்ற சொல் தெரியாது, கைப்பக்குவம் தெரிந்திருந்தது. ஒளியை வழிநடத்துவதற்காக இதைக் கையாண்டது மிகப் பிந்தியே. 1972இல் ஜப்பானில் இசாவாவும் நாககோமேயும் மின்புலத்தால் தாலியம் அயன்களைக் கண்ணாடிக்குள் செலுத்திப் பாதை அமைத்தார்கள். தாலியம் அயனில் 80 இலத்திரன்கள். சுட்டி நன்றாக ஏறும், ஆனால் கொடிய நஞ்சு. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஜியலோரென்சியும் உடன் ஆய்வாளர்களும் வெள்ளியைக் கொண்டு செய்து காட்டினார்கள். இன்றுவரை அதிகம் புழங்குவது வெள்ளிதான்.

இந்த முறையில் என்னை மிகவும் கவர்ந்த கட்டம் அடுத்தது: பாதையைப் புதைப்பது. மேற்பரப்பிலேயே இருக்கும் பாதையில் கீறல், தூசி, கைரேகை எல்லாவற்றிலும் ஒளி இடறும். அதோடு அரைவட்டப் பாதை ஒளியியல் நாரோடு நன்றாகப் பொருந்தாது. நாரின் உட்கருவோ 8, 9 மைக்கிரோமீற்றர் விட்டமுள்ள வட்டம். எனவே மறைப்பை நீக்கிவிட்டு, தகட்டின் ஒரு பக்கத்தை வெள்ளியே இல்லாத உருகிய சோடிய உப்பில் தொடவிட்டு, மறுபக்கத்தோடு சேர்த்து நூறு வோல்ற்று அளவில் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். மின்புலம் நேரேற்ற அயன்களை எல்லாம் ஒரே திசையில் தள்ள, வெள்ளி கீழே இறங்குகிறது. அது விட்டுப்போன மேற்பரப்பு ஆசனங்களில் மீண்டும் சோடியம் வந்து அமர்கிறது. முதல் கட்டத்தில் சோடியம் இழந்த இடம் மீண்டும் சோடியத்துக்கே கிடைக்கிறது. முடிவில் வெள்ளிக் கோடு பத்துப் பதினைந்து மைக்கிரோமீற்றர் ஆழத்தில், நான்கு பக்கமும் சாதாரணக் கண்ணாடி சூழ, ஏறத்தாழ வட்டமாக நிற்கும். நாரைக் கொண்டுவந்து முகத்தோடு முகம் ஒட்டினால் ஒளி தடுமாறாமல் இறங்கும். கண்ணாடியோடு கண்ணாடி சேர்வதால் இணைப்பில் தெறித்து வீணாவதும் மிகக் குறைவு.

மறைப்பில் கீறிய கோடு எப்படியோ பாதையும் அப்படியே என்பதால், கிளைகள் வேண்டுமென்றால் கிளைகளோடு கீறினால் போதும். இரண்டாகப் பிரியும் கவரை மூன்று அடுக்கில் வைத்தால் எட்டு, ஐந்து அடுக்கில் வைத்தால் முப்பத்திரண்டு. கவரின் கோணம் மிக ஒடுக்கமாக இருக்க வேண்டும். சுட்டி வேறுபாடு சிறியதால் பாதை சட்டென்று திரும்பினால் ஒளி வளைவில் வெளியே பாய்ந்துவிடும். அதனால்தான் இந்தத் துண்டுகள் சென்ரிமீற்றர் கணக்கில் நீள்கின்றன. ஒரு விரல்நகத்துக்குள் ஆயிரம் உறுப்புகளை அடுக்கும் சிலிக்கன் சில்லுகளோடு இவை போட்டிபோட முடியாது. அந்தக் குறையை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: உலை ஒன்று, நல்ல உப்பு, பொறுமையாக வெப்பநிலையைப் பிடிக்கும் கை ஆகியவை இருந்தால் நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் தொடக்கம் முதல் முடிவுவரை மாணவர்களே செய்யக்கூடிய ஒளியியல் தொழில்நுட்பங்கள் அதிகம் இல்லை. இது அவற்றுள் ஒன்று.

இதையெல்லாம் சொன்னபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை விடவில்லை. “சரி, இரண்டாகப் பிரியும். ஆனால் பாதிப் பாதியாகத்தான் பிரியும் என்று எப்படி நம்புவது?”

கவர் இரு பக்கமும் ஒரே அச்சாக இருந்தால் ஒளிக்கு இடத்தைவிட வலத்தை நாட ஒரு காரணமும் இல்லை. ஆகவே சமமாகப் பிரியும். மறைப்பின் ஒரு விளிம்பு மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்களவுக்குச் சாய்ந்திருந்தாலும் பங்கில் ஏற்றத்தாழ்வு தொடங்கும். அடுக்குக்கு அடுக்கு அது பெருகும். எனவே செய்து முடித்த ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனையில் ஒளியைச் செலுத்தி, மறுமுனையில் எட்டு நார்களிலும் வருவதைத் தனித்தனியே அளந்து பார்க்கிறார்கள். அவளுடைய வீட்டுக்குப் போகும் நார் அந்த எட்டில் மூன்றாவது.